மேடைத் தட்டி மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

காரைக்குடியைச் சுற்றி நாடகம் போடும் சிறு குழுக்களுக்கு நிலையான அரங்கம் என்று ஒன்று கிடையாது. இன்று கோவில் திடல், அடுத்த மாதம் பள்ளிக்கூட மேடை, அதற்கடுத்து கல்யாண மண்டபம். அதனால்தான் மேடையில் சுவராக நிற்கும், கழற்றி மாட்டும் தட்டிகளை வைத்து வேலை செய்கிறோம். போன நாடகத்தில் வளவு வீடாக (தூண் வைத்த முற்றமுள்ள செட்டிநாட்டு வீடு) நின்ற அதே தட்டிகள் இந்த நாடகத்தில் போலீஸ் ஸ்டேஷனாக நிற்கும். இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ஸ்பெஷல் நாடகக்காரர்கள் (ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்படும் நடிகர்கள்) தர்பார், தெரு, காடு என்று வரைந்த சில படுதாக்களை வைத்துக்கொண்டு எத்தனையோ நாடகங்களை நடத்தியிருக்கிறார்கள்.

எங்கள் தட்டிகள் எல்லாம் 8 அடி உயரம். அகலம் 4, 2, 1 அடி என மூன்று வகை. ரீப்பர் கட்டையில் (மெல்லிய நீளக் கட்டை) சட்டம், அதன் மேல் 6 மி.மீ. பிளைவுட் அல்லது காடா துணி. ஏறி நிற்கும் மேடைப் பெட்டிகள் 4க்கு 4. 8க்கு 4 பிளைவுட் முழுத்தாளில் பெட்டி செய்ய வேண்டாம். 19 மி.மீ. பிளைவுட் முழுத்தாள் ஒன்றே 35 கிலோ பக்கம் வரும், சட்டத்தையும் சேர்த்தால் தூக்குகிறவர் இடுப்பு போய்விடும்.

கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத காரணத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள். அதற்கு முன் ஒரு விதி: நாடகம் நடக்கும் இடத்தில் தட்டியில் புது ஓட்டை போடவே கூடாது. நான் சரிசெய்த கோளாறுகளில் பெரும்பாதி, முந்தைய ஊரில் அவசரத்துக்கு யாரோ போட்ட ஓட்டையால் வந்தவை. அன்றைக்கு அது வேலையை முடித்துவிடும். அடுத்த முறை வேறொரு தட்டியோடு சேர்க்கும்போது காலை வாரும்.

கூடவே இருக்க வேண்டியவை: தூக்குகுண்டு, டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப்), மூலைமட்டம், 17ஆம் நம்பர் ஸ்பேனர் இரண்டு, மூன்று கனத்தில் மர ஆப்புகள், சணல் கயிறு, நாலைந்து சி கிளாம்ப்.

## இரண்டு தட்டிகள் சேரவில்லை, போல்ட் நுழையவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான். அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுதான். டிரில்லை எடுக்காமல் முதலில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

### மேலே விலகி, கீழே ஒட்டியிருக்கிறது

தட்டிகள் சேரும் இடத்தில் தரை மேடாக இருக்கிறது. இரண்டும் வெளிப்பக்கம் சாய்கின்றன. வெளி மூலைகளுக்கு அடியில் ஆப்பு வையுங்கள். 4 அடித் தட்டிக்குக் கீழே தரை அரை இஞ்ச் சரிந்தால் 8 அடி உயரத்தில் அது ஒரு இஞ்சாகத் தெரியும். செம்மண் திடலில் அரை இஞ்ச் என்பது கண்ணுக்கே தெரியாத மேடு.

### கீழே விலகி, மேலே ஒட்டியிருக்கிறது

இதற்கு நேர் எதிர். சேரும் இடத்தில் பள்ளம். உள் மூலைகள் இரண்டுக்கும் ஆப்பு கொடுங்கள்.

### மேல் விளிம்பு படிக்கட்டு மாதிரி இருக்கிறது

ஒரு தட்டி முழுசாகவே தாழ்ந்த தரையில் நிற்கிறது. டியூப் லெவல் வைத்து, நிற்கும் இடத்தில் எது உயரமான புள்ளி என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில்தான் முதல் தட்டியை நிறுத்த வேண்டும். மற்றவற்றை அந்த மட்டத்துக்கு உயர்த்துவது சுலபம், உயர்ந்ததைத் தாழ்த்த வழியில்லை.

### விளிம்பு முழுக்க ஒட்டியிருக்கிறது, ஆனாலும் போல்ட் போகவில்லை

தரை சரி. இனி தட்டியைப் பார்க்கலாம்.

ஓட்டையில் பழைய பெயிண்ட் கட்டியிருக்கிறதா? உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தால் போதும்.

மழைக்காலமா? ஐப்பசி, கார்த்திகையில் ரீப்பர் கட்டை ஈரம் குடித்து அகலவாட்டில் ஊதும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. அதனால் உயரம் சரியாகவே இருக்கும், ஓட்டை மட்டும் பிடிக்கும். 10 மி.மீ. போல்ட்டுக்கு 12 மி.மீ. ஓட்டை, இரண்டு பக்கமும் அகலமான வாஷர் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொந்தரவு இல்லை.

அடுத்து, தட்டி மூலைமட்டமாக இருக்கிறதா? இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 4க்கு 8 தட்டியில் இரண்டுமே 8 அடி 11 இஞ்சுக்குச் சற்று மேலே வரும். இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் கோணிவிட்டது. மூலைப் பலகைகளின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நீளமான மூலைவிட்டத்தில் கயிறு கட்டி இழுத்து, சமமானதும் மறுபடி இறுக்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லை என்றால், ஓட்டைகளே இடம் மாறிப் போடப்பட்டிருக்கின்றன. அன்று இரவுக்கு சி கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டை வேலையை வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அச்சுப்பலகை, அதாவது எல்லாத் தட்டியிலும் ஓட்டை ஒரே இடத்தில் விழ வைக்கும் பட்டை. எங்கள் செட்டிலேயே விலை மதிப்புள்ள சாமான் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். 12 மி.மீ. பிளைவுட்டில் 3 இஞ்ச் அகலம், 8 அடி நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். அடியிலிருந்து 1, 4, 7 அடியில் ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சிறு இரும்புக் குழாய்த் துண்டை அடித்து இறக்குங்கள். இல்லாவிட்டால் டிரில் பிட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். பட்டையின் அடியில் ஒரு முட்டுக்கட்டை வைத்துவிட்டால் தட்டியில் வைத்ததும் தானாக மட்டத்தில் உட்காரும். 1, 4, 7 என்ற கணக்கில் ஒரு வசதி இருக்கிறது. தட்டியைத் தலைகீழாகத் திருப்பினாலும் ஓட்டைகள் அதே இடத்தில் வரும். எந்தத் தட்டியையும் எதோடும், எப்படித் திருப்பியும் சேர்க்கலாம்.

பழைய ஓட்டைகளை அடைக்க, உருட்டிச் செதுக்கிய மரக் குச்சியில் பெவிக்கால் தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் சீவிவிடுங்கள். அப்புறம் அச்சுப்பலகை வைத்துப் புதிதாகப் போடுங்கள்.

ஆசாரியைக் கூப்பிட வேண்டியது எப்போது: ஒரே பக்கச் சட்டத்தில் நாலைந்து தவறான ஓட்டைகள் நெருக்கமாக இருந்தால். அந்தக் கட்டை பலம் போனது. கட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

## சுவர் ஆடுகிறது

நடிகர் கதவை அறைந்து சாத்துகிறார், செட்டிநாட்டு வீடே படுதா மாதிரி அலைகிறது. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார்கள் கதையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தோள் உயரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள்.

தட்டியின் அடிப்பக்கம் நகர்ந்தால் எடை போதாது. தட்டியைப் பின்னாலிருந்து சாய்வாகத் தாங்கும் முட்டுக் கட்டையின் காலில் மணல் மூட்டை வையுங்கள். 20 கிலோ மூட்டைகளாகக் கட்டினால் தூக்கவும் சுலபம். சாக்குக்குள் சாக்கு போட்டுக் கட்டுங்கள், மணல் கசிந்து மேடையில் கொட்டினால் நடிகர் வழுக்குவார்.

அடி நிற்கிறது, தலை மட்டும் ஆடுகிறது என்றால் முட்டு தாழ்வாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 8 அடித் தட்டிக்கு 5 அடிக்கு மேலே, கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் முட்டு பிடிக்க வேண்டும். முட்டின் கால் தட்டியிலிருந்து குறைந்தது 3 அடி பின்னால் வர வேண்டும். இடமில்லை என்று பல பேர் காலைக் கிட்டத்தில் இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முட்டு கொடுத்தும் பயனில்லை.

தட்டிகள் சேரும் கோடு மட்டும் திறந்து மூடினால் போல்ட் தளர்வு. மூன்று போல்ட்டும் போட்டிருக்கிறதா என்று எண்ணுங்கள். அவசரத்தில் நடு போல்ட்டைத்தான் விட்டுவிடுவார்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் ஆடுகிறதா? நீளமான நேர்ச் சுவர் எப்போதுமே ஆடும். இரண்டு முனையிலும் ஒரு 1 அடித் தட்டியைச் செங்குத்தாகத் திருப்பிப் பூட்டுங்கள். நடுவில் ஒரு மடிப்பு வைத்தால் இன்னும் நல்லது. நம் வீடுகளின் முகப்பில் உள்வாங்கியும் வெளித்தள்ளியும் எத்தனை மடிப்பு! அதை மேடையிலும் கொண்டுவந்தால் பார்க்கவும் அழகு, நிற்கவும் பலம்.

மாடி முகப்பு என்று 8 அடிக்கு மேல் இன்னொரு தட்டியை ஏற்றுவதாக இருந்தால் நீங்களாகச் செய்யாதீர்கள். பந்தல்காரரிடம் சொல்லிப் பின்னால் சவுக்குக் கம்பு நட்டு, அதில் கட்டுங்கள்.

## கதவு அடையவில்லை, அல்லது தானாகத் திறக்கிறது

நிலையில் தூக்குகுண்டு பிடியுங்கள். குண்டு நூல் நிலையை ஒட்டி விழாவிட்டால் ஆப்பு வைத்து நேராக்குங்கள். பாதிக் கதவுகள் இதிலேயே சரியாகிவிடும்.

குண்டு சரியாக விழுகிறது, கதவு மட்டும் தொங்குகிறது என்றால் கீல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஓட்டை பெரிதாகியிருந்தால் மூங்கில் குச்சியில் பசை தடவிச் செருகி, அதே ஓட்டையில் ஸ்க்ரூவை முறுக்குங்கள்.

கதவுத் தட்டியின் அடியில் குறுக்குக் கட்டை இருக்காது, இருந்தால் நடிகர் தடுக்குவார். அதனால் நிலையின் இரண்டு கால்களும் விரியும், சுருங்கும். ஒன்றரை இஞ்ச் அகலம், 5 மி.மீ. கனத்தில் இரும்புப் பட்டையை அடியில் போட்டு இரண்டு காலையும் இணையுங்கள். வெல்டரிடம் போனால் சீக்கிரம் செய்து கொடுத்துவிடுவார். இது இல்லாத கதவுத் தட்டி இரண்டாவது ஊரிலேயே கோணும்.

கடைசியாகக் கதவின் எடை. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பர்மா தேக்குக் கதவுகளைப் பார்த்தால் மேடைக்கு எடுத்து வரத்தான் தோன்றும். நாங்களும் ஒருமுறை தெரிந்தவர் வீட்டுக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினோம். நாடகம் முழுக்கப் பின்னால் மூன்று பையன்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. பசங்கள் மேல் அது விழுந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. 6 மி.மீ. பிளைவுட்டில் மெல்லிய பட்டைகளை ஒட்டி, குமிழ் வரைந்து, தேக்கு நிறம் அடித்தால் மூன்றாவது வரிசையிலிருந்து வித்தியாசம் தெரியாது. கதவு மேடைக்குப் பின்பக்கமாகத் திறக்கட்டும். அறைந்து சாத்தும்போது நிலை அதைத் தாங்கிக்கொள்ளும்.

## மேடைப் பெட்டி சத்தம் போடுகிறது, ஆடுகிறது, அமுங்குகிறது

மூன்றும் வேறு வேறு கோளாறு.

கிரீச் என்ற சத்தம் மட்டும் வந்தால் பிளைவுட் சட்டத்தோடு உரசுகிறது. மேலே உள்ள ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். நிற்கவில்லை என்றால் பிளைவுட்டைக் கழற்றி, சட்டத்தின் மேல் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி ஒட்டி, மறுபடி பூட்டுங்கள். இரண்டு பெட்டிகள் உரசும் இடத்திலும் இதே டியூப் பட்டைதான் மருந்து.

ஆடினால் முதலில் தரை, அப்புறம் கால் போல்ட், அப்புறம் குறுக்கு முட்டு. ஒன்றரை அடிக்கு மேல் உயரமுள்ள கால்களுக்குக் குறுக்கு முட்டு இல்லாமல் யாரையும் ஏற்ற வேண்டாம். நேரே நின்றால் தாங்குகிற கால், பக்கவாட்டில் ஒரு உதை வாங்கினால் மடங்கும்.

அமுங்கினால் விளையாட்டில்லை. பெட்டியின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நூல் கட்டி, நடுவில் ஒருவரை நிற்கவையுங்கள். நூலுக்குக் கீழே கால் இஞ்சுக்கு மேல் இறங்கினால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். திருப்பிப் போட்டுப் பாருங்கள். அடிக்கட்டைகள் 2 அடிக்கு ஒன்று இருக்கிறதா, ஏதாவது விரிசல் விட்டிருக்கிறதா, பிளைவுட் அடுக்கு பிரிந்திருக்கிறதா? கட்டை குறைவாக இருந்தால் சேர்க்கலாம். அடுக்கு பிரிந்த பிளைவுட்டுக்கு மருந்து கிடையாது, தாளை மாற்றுங்கள்.

கும்மிக்காட்சி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பத்துப் பேர் சும்மா நிற்பது வேறு, பத்துப் பேரும் ஒரே தாளத்தில் குதிப்பது வேறு. கும்மியைக் கீழே தரையிலேயே வைத்துவிடுங்கள் என்று இயக்குநரிடம் கேட்க நான் தயங்குவதே இல்லை. 2 அடிக்கு மேல் உயரத்தில் ஆட்கள் ஏறுவதாக இருந்தால் அனுபவமுள்ள ஆசாரியோ வெல்டரோ பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஒத்திகையே.

## தட்டி முறுக்கிக்கொண்டது

தட்டியைப் படுக்கவைத்து, மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் அழுந்தாமல் லேசாகத் தொட்டுக்கொண்டால் தட்டி சமம். நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அழுத்தினாலோ முறுக்கு.

சுவரில் சாய்த்து வைத்ததால் வந்த வளைவு என்றால், குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி சமதரையில் போட்டு, மேலே எடை ஏற்றி ஒரு வாரம் விடுங்கள். பெரும்பாலும் திரும்பிவிடும். திரும்பவும் வளைந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் நாலு கோட் பெயிண்ட், பின்பக்கம் வெறும் மரம் என்றால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறும், இறங்கும். பின்னாலும் ஒரு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். நூல்களுக்கு நடுவே அரை இஞ்சுக்கு மேல் இருந்தால் சட்டத்தையே மாற்றுங்கள். பச்சைக் கட்டையில் மட்டும் புதுச் சட்டம் அடிக்காதீர்கள், மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் இரண்டு மாதத்தில் அதே முறுக்கு.

## துணி தொய்ந்துவிட்டது, பெயிண்ட் உரிகிறது

காடா துணி தொய்ந்தால் பின்பக்கமிருந்து தண்ணீர் தெளித்து வெயிலில் காயவையுங்கள். பருத்தி சுருங்கி விறைத்துக்கொள்ளும். அதற்கும் கேட்காவிட்டால் ஒரு பக்க ஆணிகளைப் பிடுங்கி இழுத்து அடியுங்கள்.

பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தால் பழைய அடுக்குகள் கனத்துவிட்டன. உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, மெல்லிசாக ஒரு கோட். வண்ணம் உரியும் துணியை மடிக்காதீர்கள். வெளிச்சத்தில் பளபளவென்று மின்னினால் யாரோ எனாமல் அடித்திருக்கிறார்கள். உப்புத்தாளால் மினுமினுப்பைக் கெடுத்து, மேலே பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடியுங்கள்.

குத்துவிளக்கு, தீபம் வரும் காட்சி இருந்தால் துணிக்குத் தீத்தடுப்பு நீர் தேவை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 65 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 28 கிராம் போரிக் பவுடர். கரைத்து, வண்ணம் அடிக்கும் முன் வெறும் துணியில் நன்றாக ஊற அடித்துக் காயவையுங்கள். அதே துணியில் ஒரு துண்டை வெளியே எடுத்துப்போய்த் தீக்குச்சி காட்டிப் பாருங்கள். குச்சியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே போனால் இன்னொரு கோட் வேண்டும். இது தண்ணீரில் கரைகிற சரக்கு. தட்டி மழையில் நனைந்தால் மறுபடி அடிக்க வேண்டும். இதை நம்பித் துணியை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடவும் கூடாது.

## தூண் சாய்கிறது

பி.வி.சி. குழாயில் செய்த வளவுத் தூண் பார்க்கக் கனமாக இருக்கும், எடை இருக்காது. ஒன்றரை அடிச் சதுரப் பலகையில் நிறுத்தி, குழாயின் அடியில் 2 அடிக்கு மணல் நிரப்புங்கள். யாராவது சாய்ந்து நிற்கும் காட்சி இருந்தால் தலையை மேலே உள்ள உத்திரத்தோடு பூட்டுங்கள்.

## திறந்தவெளியில் காற்று தள்ளுகிறது

ஆடியில் திடலில் நாடகம் வைத்தால் இது வரும். காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால் 4க்கு 8 பிளைவுட் தட்டியை ஏறக்குறைய 15 கிலோ தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு, அதாவது 60 கிலோ. அதுவும் ஒரே ஒரு தட்டியை!

மணல் மூட்டைகளைக் கூட்டலாம், முட்டுக் கட்டைகளைக் கூட்டலாம். சுவரில் ஜன்னல்களை அதிகமாக வைக்கலாம், ஓரத் தட்டிகளை எடுத்துவிட்டு வெறும் சட்டத்தை நிறுத்தலாம். இவ்வளவும் செய்த பிறகும் பின் முட்டின் கால் தரையைவிட்டு எழும்பினால் நாடகத்தை நிறுத்திவிட்டுத் தட்டிகளைப் படுக்கப் போடுங்கள். பெரியவர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை. செட் இல்லாமல் வெறும் மேடையில் மீதிக் காட்சிகளை நடித்தும் காட்டியிருக்கிறோம், கடைசி வரை ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள்.

## தட்டியைத் தொட்டால் கை சுரீர் என்கிறது

இரும்புச் சட்டமோ, அடியில் இரும்புப் பட்டையோ இருக்கும் தட்டியில் வரும். எதையும் சோதிக்க வேண்டாம். மெயினை அணையுங்கள், எல்லோரையும் மேடையிலிருந்து இறக்குங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை லைட் இல்லாமல் இருக்கலாம்.

## தட்டிக்கு அடியில் பொடி உதிர்கிறது

எங்கள் தட்டிகள் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கின்றன. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நம்பிச் சாவி கொடுத்திருக்கிறார். நம் பக்கத்தில் பல குழுக்களுக்கு இப்படித்தான் இடம் கிடைக்கிறது.

மாவு மாதிரிப் பொடி, கட்டையில் குண்டூசித் துளைகள் என்றால் வண்டு துளைக்கிறது. அந்தத் தட்டியை உடனே தனியாக எடுத்து வையுங்கள். துளை கொஞ்சமாக இருந்தால் பெயிண்டைச் சுரண்டி, மேலே சொன்ன வெண்காரம், போரிக் கலவையையே வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை அடித்து ஊறவிடலாம். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிறதா? கட்டையை வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள்.

மண் கோடு ஏறியிருந்தால் கரையான். தட்டிகளைச் சுவரைவிட்டு ஒரு அடி தள்ளி, செங்கல் மேல் அடுக்கி வைத்திருந்தால் கோடு சீக்கிரம் கண்ணில் படும். மாதம் ஒருமுறை யாராவது போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும். தட்டியில் மட்டும் இருந்தால் தட்டியை வெளியே எடுத்து வெயிலில் போட்டுச் சுத்தம் செய்யலாம். சுவரிலோ, நிலையிலோ, உத்திரத்திலோ மண் கோடு தெரிந்தால் அதைத் தட்டிவிட்டு மறைக்காதீர்கள். கரையான் மருந்து அடிக்கிறவர்களைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. போட்டோ எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.